கரிசலுக்கு அடியில் அனல்மின் நிலையச் சாம்பல்: மூன்று மழைக்காலம் கண்ட ஒரு பாதை

எட்டயபுரத்துக்கும் கோவில்பட்டிக்கும் இடைப்பட்ட கரிசல் காட்டில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு கிட்டங்கி உண்டு. உளுந்து, பாசிப்பயறு, மக்காச்சோளம், பருத்தி என்று பருவத்துக்குத் தக்கபடி அங்கே சரக்கு மாறிக்கொண்டே இருக்கும். மாறாமல் இருந்தது நெடுஞ்சாலையிலிருந்து கிட்டங்கி வாசல் வரை போகும் 420 மீட்டர் பாதை ஒன்றுதான். ஐப்பசியில் மழை இறங்கிவிட்டால் லாரிகள் நெடுஞ்சாலையிலேயே நின்றுவிடும். மூட்டைகளை டிராக்டருக்கு மாற்றி, அந்த டிராக்டரை இன்னொரு டிராக்டர் இழுத்துவர, ஒரு லோடு இறக்குவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். இரண்டு முறை ஜல்லி கொட்டித் தார் போட்டுப் பார்த்தோம். இரண்டு முறையும் இரண்டாவது மழைக்காலம் முடிவதற்குள் ஜல்லி மண்ணுக்குள் போய்விட்டது. தார் மட்டும் அப்பளம்போல் நொறுங்கி மேலே கிடந்தது.

2022 மார்ச் மாதத்தில், அனல்மின் நிலையச் சாம்பலையும் சுண்ணாம்பையும் கலந்து அடிமண்ணைப் பலப்படுத்தித் தருவதாகச் சொன்ன ஒரு தனியார் நிறுவனத்திடம் இந்தப் பாதையை ஒப்படைத்தேன். அதற்குப் பிறகு மூன்று வடகிழக்குப் பருவமழைகள் கடந்துவிட்டன. அந்தச் சேவையைப் பற்றிய என் மதிப்பீடு இது. நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை. குறைகளில் சில அவர்களுடையவை, சில என்னுடையவை. தவிர, இந்த வட்டாரத்தில் இதே வேலையை எடுத்துச் செய்யும் மற்றவர்களிடமும் ஏறக்குறைய இதே பழக்கங்களைத்தான் கண்டேன்.

கரிசலில் வீடு கட்டியவர்களுக்கு அதன் குணத்தை விளக்க வேண்டியதில்லை. அதிலுள்ள மாண்ட்மோரில்லோனைட் என்னும் களிமண் கனிமம் தகடு தகடாக அடுக்கப்பட்டது. நீர் கிடைத்தால் தகடுகளுக்கு இடையே அதை வாங்கிக்கொண்டு உப்பும், நீர் போனால் சுருங்கி வெடிக்கும். தரையின் தாங்குதிறனைப் பொறியாளர்கள் சி.பி.ஆர். என்ற அளவால் சொல்வார்கள். 50 மி.மீ. விட்டமுள்ள உருளைக் கம்பி ஒன்று மண்ணுக்குள் 2.5 மி.மீ. இறங்கத் தேவையான பளுவை, நொறுக்கிய கல்லில் அதே அளவு இறங்கத் தேவையான பளுவோடு ஒப்பிட்டுச் சொல்லும் விழுக்காடு அது. எங்கள் மண்ணை நான்கு நாள் தண்ணீரில் ஊறவைத்துப் பார்த்தபோது கிடைத்தது 1.8. கனரக வண்டிகள் அதிகம் ஓடும் சாலைகளின் அடிமண்ணுக்கு 5க்குக் குறையக்கூடாது என்று இந்திய சாலைப் பேரவையின் வழிகாட்டி சொல்கிறது. 1.8 உள்ள தரையின்மேல் எத்தனை ஜல்லி கொட்டினாலும் அது கூழில் போட்ட வெங்காயம்தான்.

இந்த இடத்தில் சாம்பல் என்ன செய்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் விற்பவர்களே இதைத் தெளிவாகச் சொல்வதில்லை. வேலையைத் தொடங்குவது சாம்பல் அன்று, சுண்ணாம்பு. நீற்றிய சுண்ணாம்பு ஈரக் களிமண்ணோடு சேர்ந்த சில மணி நேரத்திலேயே களிமண் துகள்களின் மேலிருக்கும் சோடியத்தை அகற்றிக் கால்சியம் அமர்ந்துகொள்கிறது. அதனால் துகள்கள் ஒன்றோடொன்று கூடித் திரண்டு, மண்ணின் பிசுபிசுப்பு குறைகிறது. அதன் பிறகு, மெதுவாக, வாரக்கணக்கில், சாம்பலிலுள்ள சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்போடு வினைபுரிந்து, சிமென்ட் இறுகும்போது உண்டாகும் அதே வகைப் பிணைப்பை உருவாக்குகின்றன. நம் கொத்தனார்களுக்கு இது புதிதன்று. செங்கல்லைப் பொடித்த சுர்க்கியைச் சுண்ணாம்போடு சேர்த்து அரைத்தவர்கள் செய்ததும் இந்த வேதியியலைத்தான். 1895இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணை சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு கட்டப்பட்டது. செங்கல் சூளைக்குப் பதிலாக மின் நிலையத்தின் கொதிகலன் சுட்டுத் தரும் பொடி என்று சாம்பலை எண்ணிக்கொள்ளலாம்.

ஆனால் எல்லாச் சாம்பலும் ஒன்றல்ல. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எரித்துக் கிடைக்கும் சாம்பலில் சுண்ணாம்புச் சத்து கூடுதல். அது ஓரளவு தானாகவே இறுகும். எங்களுக்கு அருகிலுள்ள தூத்துக்குடி அனல்மின் நிலையத்தில் எரிவது கருநிலக்கரி. அந்தச் சாம்பலில் சுண்ணாம்புச் சத்து குறைவு. வெறும் தண்ணீர் விட்டு ரோலர் ஓட்டினால் அது கெட்டிப்பட்டதுபோல் தோன்றி, முதல் மழையில் கரைந்து ஓடிவிடும். எங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டுமனைப் பிரிவில், "சாம்பல் ரோடு" என்று சொல்லி வெறும் சாம்பலைக் கொட்டிச் சமன்செய்து விற்றதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அங்கே மனை வாங்கியவர்கள் இப்போது முழங்கால் வரை சாம்பல் சேற்றில் நடக்கிறார்கள்.

பிளாஸ்டிக் சாலையோடு இதைக் குழப்பிக்கொள்பவர்களும் உண்டு. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் உருவாக்கிய முறை, சூடான ஜல்லியின்மேல் பிளாஸ்டிக்கைப் பூசித் தாரோடு கலப்பது, அது மேல்தளத்துக்கானது. 2022இல் குஜராத்தின் ஹசீராவில் உருக்காலைக் கசட்டைக் கொண்டு போடப்பட்ட ஆறு வழிச் சாலையில், கசடு ஜல்லியின் இடத்தைப் பிடித்தது. நான் வாங்கிய சேவை இவற்றுக்கெல்லாம் கீழே, மண்ணோடு மண்ணாக நடப்பது. வேலை முடிந்தபின் அதைக் கண்ணால் பார்க்கவே முடியாது. அதனால்தான் இதில் ஏமாறுவதும் எளிது.

இனிக் கணக்கு. வழக்கமான முறைப்படி கரிசலை 60 செ.மீ. ஆழத்துக்குத் தோண்டி எடுத்துவிட்டுக் கிராவல் நிரப்புவதாக இருந்தால், 4.5 மீட்டர் அகலத்துக்கு, இறுக்கிய பின்னான அளவில் ஏறத்தாழ 1,130 கன மீட்டர் கிராவல் வேண்டும். உதிரியாக ஏற்றும்போது அது இன்னும் பெருகும் என்பதால், ஆறு யூனிட் (ஒரு யூனிட் நூறு கன அடி) ஏற்றும் டிப்பரில் 85 நடைக்குக் குறையாது. தோண்டிய மண்ணைக் கொண்டுபோய்க் கொட்டும் நடைகள் தனி. சாம்பல் முறையில் இருக்கிற மண்ணையே 30 செ.மீ. ஆழத்துக்குக் கிளறி, உலர்ந்த மண்ணின் எடையில் 4 விழுக்காடு சுண்ணாம்பும் 15 விழுக்காடு சாம்பலும் கலந்தார்கள். சுண்ணாம்பு சுமார் 33 டன், சாம்பல் சுமார் 123 டன். வெளியிலிருந்து வந்த லாரிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். சாம்பலுக்கு என்று பெரிய விலை இல்லை. தூத்துக்குடியிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் கொண்டுவரும் வாடகைதான் அதன் விலை. அனல்மின் நிலையங்கள் சாம்பலைப் பயன்பாட்டுக்குத் தர வேண்டும் என்று 1999 முதல் மத்திய அரசின் அறிவிக்கைகள் இருக்கின்றன என்றாலும், என்னைப்போல் சொந்தப் பாதை போடுகிறவருக்கு யாரும் வாசலில் கொண்டுவந்து இறக்கப் போவதில்லை. எல்லாம் சேர்த்து, கிராவல் முறைக்கு மற்றொருவர் கேட்ட தொகையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கில் அடிமண் வேலை முடிந்தது.

நிறுவனத்தின் சேவையில் நான் மனமுவந்து பாராட்டுவது தொடக்கக் கட்டத்தை. விலைப்புள்ளி கொடுப்பதற்கு முன்பே பாதையில் நான்கு இடங்களில் குழி வெட்டி மண் எடுத்துச் சென்றார்கள். மண்ணின் வீக்கத்தை அளக்கும் சோதனை எளிமையானது: பத்து கிராம் மண்ணைத் தண்ணீரிலும், இன்னொரு பத்து கிராமை மண்ணெண்ணெயிலும் போட்டு ஒரு நாள் விட்டு, இரண்டின் கொள்ளளவையும் ஒப்பிடுவார்கள். மண்ணெண்ணெயில் களிமண் உப்பாது. இந்த வேறுபாடு 50 விழுக்காட்டைத் தாண்டினால் அந்த மண்ணைச் சாலைக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது மத்திய நெடுஞ்சாலைத் துறையின் விவரக்குறிப்பு. எங்கள் மண்ணில் அது 85. கலவைக்குப் பின் 28ஆக இறங்கியது. ஊறவைத்த சி.பி.ஆர். அளவு, இருபத்தெட்டு நாள் பதப்படுத்திய ஆய்வக மாதிரியில் 19. இந்த அறிக்கைகளின் படிகளைக் கேட்டவுடன் கொடுத்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மண்ணில் சல்பேட் எவ்வளவு இருக்கிறது என்ற சோதனை மட்டும் அவர்கள் பட்டியலில் இல்லை. நான் கேட்டுச் செய்வித்தேன். கேட்டதற்குக் காரணம், அவர்கள் இன்னும் மலிவான ஒரு மாற்றுத் திட்டத்தையும் முன்வைத்ததுதான். சாம்பலில் ஒரு பகுதிக்குப் பதிலாக, உர ஆலைக் கழிவான பாஸ்போஜிப்சத்தைக் கலக்கலாம் என்றார்கள். ஜிப்சம் என்பது கால்சியம் சல்பேட். சுண்ணாம்பு, களிமண்ணின் அலுமினா, சல்பேட், தண்ணீர் ஆகிய நான்கும் கூடினால் எட்ரிங்கைட் என்னும் படிகம் வளரும். அது வளரும்போது தன்னோடு ஏராளமான நீரைச் சேர்த்துக்கொண்டு தரையையே மேலே தூக்கும். அமெரிக்காவின் லாஸ் வேகஸ் நகரில், ஸ்டூவர்ட் அவென்யூ என்ற சாலை சுண்ணாம்பால் பலப்படுத்தப்பட்ட சில ஆண்டுகளிலேயே இப்படித்தான் மேடு மேடாக உப்பியது. மண்ணிலேயே இருந்த சல்பேட்தான் காரணம் என்பது பிறகு தெரிந்தது. வீங்குகிற மண்ணுக்கு மருந்து போடப் போய், வீங்குவதற்கு இன்னொரு காரணத்தைக் கையிலிருந்து காசு கொடுத்து வாங்குவானேன் என்று மறுத்துவிட்டேன். தொழிற்சாலைக் கழிவு என்ற ஒரே பெயரில் எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்கும் பழக்கம் விற்பவர்களிடமும் இருக்கிறது, வாங்குபவர்களிடமும் இருக்கிறது.

வேலை தொடங்கிய நாளில் முதல் ஏமாற்றம். விலைப்புள்ளியில் எழுதியிருந்தது, ஒரே ஓட்டத்தில் 30 செ.மீ. ஆழம் வரை கிளறிக் கலக்கும் பெரிய இயந்திரம். வந்து நின்றது ரொட்டவேட்டர் பூட்டிய டிராக்டர். நன்செய் உழவுக்கு அது நல்ல கருவிதான். ஆனால் இறுகிய கரிசலில் 15 செ.மீ. இறங்குவதே அதற்குப் பெரும்பாடு. ஒரு மணி நேர வாக்குவாதத்துக்குப் பின், மேலடுக்கை ஜேசிபியால் ஒதுக்கிவைத்துக் கீழடுக்கை முதலில் கலந்து இறுக்குவது, பிறகு ஒதுக்கிய மண்ணைத் திருப்பிப் பரப்பிக் கலப்பது என்று இரண்டு அடுக்காகச் செய்ய ஒப்புக்கொண்டார்கள். சுண்ணாம்பைத் தூவிக் கலந்து ஓர் இரவு விட்டது மட்டும் முறைப்படி நடந்தது. முதல் நாள் மாலை கலப்பையில் வெண்ணெய்போல் அப்பிய மண், மறுநாள் காலையில் புட்டுக்கு விரவிய மாவுபோல் உதிர்ந்து நின்றதைப் பார்த்தபோது, செலவழித்த பணத்துக்கு அர்த்தம் இருக்கிறது என்று முதன்முறையாகத் தோன்றியது.

கலவை எல்லா இடத்திலும் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. பள்ளி ஆய்வகங்களில் பயன்படுத்தும் பினாப்தலின் கரைசலை, சுண்ணாம்பு சேர்ந்த மண்ணில் தெளித்தால் அடர்ந்த இளஞ்சிவப்பாக மாறும். சேராத மண் நிறம் மாறாது. ரசாயனக் கடையில் ஒரு சிறிய புட்டி வாங்கிவந்து, கீழடுக்கை இறுக்குவதற்கு முன் பதினெட்டு இடங்களில் கையகலக் குழி தோண்டித் தெளித்துப் பார்த்தேன். பன்னிரண்டு குழிகள் மேலிருந்து கீழ்வரை சிவந்தன. வடக்கு ஓரத்தில் வரிசையாக ஆறு குழிகளில் மேல் நான்கு விரற்கடை சிவந்து, அதற்குக் கீழே கரிசல் கரிசலாகவே இருந்தது. மேற்பார்வையாளரை அழைத்துக் காட்டினேன். "அண்ணாச்சி, ரோலர் ஓடுனா எல்லாம் கலந்துரும்" என்றார். ரோலர் அமுக்குமே தவிரக் கலக்காது என்று சொல்லி, அந்த ஓரத்தை மறுபடி உழச் சொன்னேன். ஏறத்தாழ முந்நூறு மீட்டருக்கு உழுதார்கள். பாதைக்கு அடியில் மழைநீர் கடக்கும் குழாய்ப் பாலத்தை ஒட்டிய கடைசிப் பகுதிக்கு வரும்போது இருட்டிவிட்டது. நானும் களைத்துப்போய் விட்டுவிட்டேன். அந்த விட்டுவிட்டதன் விலையைப் பின்னால் சொல்கிறேன்.

வேலையாட்களைப் பற்றி ஒரு வார்த்தை. சுண்ணாம்புத் தூளையும் சாம்பலையும் பங்குனி மாதக் காற்றில் கையால் வாரி இறைத்தவர்களுக்கு நிறுவனம் கொடுத்த பாதுகாப்பு ஏதும் இல்லை. ஆண்கள் துண்டையும் பெண்கள் சேலைத் தலைப்பையும் மூக்கில் கட்டியிருந்தார்கள். நீற்றிய சுண்ணாம்பு கண்ணில் பட்டால் புண்ணாகும். இரண்டாம் நாள் நானே கண்ணாடியும் கையுறையும் முகக்கவசமும் வாங்கிக் கொடுத்தேன். விலைப்புள்ளியில் பாதுகாப்புச் செலவு என்று ஒரு வரி இருந்ததைப் பிறகுதான் கவனித்தேன்.

இறுக்கிய பின் ஏழு நாட்களாவது மேற்பரப்பு காயாமல் வைத்திருக்க வேண்டும். சாம்பலுக்கும் சுண்ணாம்புக்கும் இடையிலான வினை ஈரம் இருக்கும்வரைதான் நடக்கும். எங்கள் ஊர் வெப்பம் அந்த வினையை விரைவுபடுத்தும், ஆனால் அதே வெப்பம் ஈரத்தையும் உறிஞ்சிவிடும். ஒப்பந்தப்படி நாளைக்கு மூன்று முறை தண்ணீர் தெளிக்க வேண்டியவர்கள் முதல் இரண்டு நாள் ஒழுங்காக வந்தார்கள், மூன்றாம் நாள் ஒரு முறை வந்தார்கள், நான்காம் நாளிலிருந்து தொலைபேசியை எடுக்கவில்லை. மீதி நாட்களுக்கு எங்கள் கிணற்றிலிருந்து குழாய் இழுத்துச் சாக்குகளை விரித்து நனைத்தது கிட்டங்கிக் காவலர்தான்.

ஒரு மாதம் கழித்துக் கட்டணம் கட்டி வேறோர் ஆய்வகத்தை அழைத்து, பாதையிலிருந்தே மாதிரி எடுக்கச் செய்தேன். ஊறவைத்த சி.பி.ஆர். 12. ஆய்வகத்தில் 19 காட்டிய கலவை, களத்தில் 12 காட்டியது. பொருளில் மாற்றமில்லை, கலந்த விழுக்காட்டிலும் மாற்றமில்லை. ஆய்வகத்தில் ஒரு தட்டு மண்ணைக் கையால் பிசைந்த அந்தக் கலவை, 420 மீட்டர் நீளத்தில் டிராக்டரால் அப்படி வரவில்லை. இருந்தாலும் 1.8 இருந்த இடத்தில் 12 என்பது சிறிய ஏற்றமன்று. அதன்மேல், ஜல்லியும் கல்தூளும் தண்ணீர் விட்டுக் கலந்த வெட்மிக்ஸ் 15 செ.மீ.யும் தார்க்கலவை 2 செ.மீ.யும் போட்டு முடித்தோம்.

2022 மழையில் ஒன்றும் ஆகவில்லை. உண்மையான சோதனை 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் கொட்டித் தூத்துக்குடி மாவட்டமே மிதந்த அந்த மழையில், எங்கள் பாதையின் தாழ்ந்த பகுதி ஒன்றரை நாள் நீருக்குள் கிடந்தது. வடிந்த மறுநாள் பத்துச் சக்கர லாரி ஒன்று சரக்கோடு உள்ளே வந்து திரும்பிப் போனது, தடம் விழவில்லை. பக்கத்து நிலத்துக்காரரின் கிராவல் பாதையில் அதே வாரம் வெறும் டிராக்டர் அச்சுவரை புதைந்தது. ஒரே மண், ஒரே மழை, நூறு மீட்டர் இடைவெளி. இந்த முறைக்கு ஆதரவாக என்னிடம் இதைவிட வலுவான சான்று இல்லை.

குறைகள் இரண்டு. முதலாவது, ஓரங்கள். 2023 கோடையிலேயே தார் விளிம்பிலிருந்து ஓரடி உள்ளே, பாதைக்கு இணையாக நீண்ட வெடிப்புகள் தோன்றின. பலப்படுத்திய மண் ஒரு பலகைபோல் நிற்க, அதை ஒட்டியிருக்கும் பலப்படுத்தாத கரிசல் காய்ந்து சுருங்கும்போது விளிம்பைத் தன்னோடு இழுக்கிறது. கலவையைத் தார் அகலத்துக்கு வெளியே இருபுறமும் குறைந்தது அரை மீட்டராவது நீட்டியிருக்க வேண்டும். தார் போட்ட அகலத்துக்கு மட்டுமே அளந்து வேலை செய்தார்கள், கரிசலில் பல ஆண்டு வேலை செய்தவர்கள் என்று சொல்லிக்கொண்டும். இரண்டாவது, முன்பு சொன்ன பாலத்தருகே உள்ள முப்பது மீட்டர். 2023 மழைக்குப் பின் அங்கே வடக்குச் சக்கரத்தடம் மூன்று விரற்கடை இறங்கியது. உடைத்துப் பார்த்துக் கரைசலைத் தெளித்தபோது கீழடுக்கு சிவக்கவே இல்லை. ஒப்பந்தத்தின் ஓராண்டு உத்தரவாதம் அதற்குள் முடிந்திருந்தது. பழுதை என் செலவில்தான் சரிசெய்தேன்.

கிணற்றைப் பற்றிய கவலையும் எனக்கு இருந்தது. நிலக்கரிச் சாம்பலில் ஆர்சனிக், செலினியம் போன்றவை சிறு அளவில் உண்டு. குழாய்கள் கசிந்து சாம்பல் சேறு படிந்த எண்ணூர்க் கழிமுகத்தின் நிலையை அறிந்தவர்கள் இந்தப் பொருளை அலட்சியமாகக் கையாள மாட்டார்கள். சுண்ணாம்போடு இறுகிய அடுக்கில், தார்த் தளத்துக்கு அடியில் இருக்கும் சாம்பலும், திறந்த வெளியில் குவித்த சாம்பலும் ஒன்றாகாது என்பது சரியே. ஆயினும் மீந்துபோன இரண்டு லாரிச் சாம்பலைக் கிணற்றிலிருந்து முப்பது மீட்டரில் குவித்துவிட்டுப் போகப் பார்த்ததை நான் அனுமதிக்கவில்லை. திருப்பி ஏற்றிப் போகும்வரை கடைசித் தவணையை நிறுத்தி வைத்தேன். கிணற்று நீரை வேலைக்கு முன்னும், ஓராண்டு கழித்தும் சோதித்ததில் வேறுபாடு தென்படவில்லை. ஊருணி அல்லது குடிநீர்க் கிணற்றை ஒட்டிய பாதையாக இருந்தால் நான் இம்முறையைத் தேர்ந்திருக்க மாட்டேன்.

ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்டால், பொருளுக்கு நான்கரை, சோதனைக்கு நான்கு, கலந்த வேலைக்கு இரண்டு, வேலைக்குப் பின்னான பொறுப்புக்கு ஒன்று. நிறுவனம் மூட்டைக் கணக்கில் விலை சொல்லி, மூட்டைக் கணக்கிலேயே பணம் வாங்குகிறது. ஆனால் வாங்குபவர் உண்மையில் காசு கொடுப்பது அந்த மூட்டை மண்ணின் ஒவ்வொரு பிடியோடும் சேர்வதற்குத்தான். விலைப்புள்ளியில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

கிட்டங்கிக்குப் பின்புறம் எடைமேடை வரை இன்னும் 180 மீட்டர் பாதை மண்ணாகவே கிடக்கிறது. வருகிற மாசியில் அதையும் இதே முறையில், இதே நிறுவனத்திடமே செய்யக் கேட்டிருக்கிறேன். ஒரு முறை தவறு செய்து மாட்டிக்கொண்டவர்கள் என்பதால் எங்கே நின்று பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். இம்முறை ஒப்பந்தத்தில் மூட்டைக் கணக்கு இல்லை. பத்து மீட்டருக்கு ஒரு குழி, நான் காட்டும் இடத்தில்; அடிவரை சிவந்த குழிகளுக்கு மட்டும் பணம் என்று எழுதிக் கொடுத்தேன். மேற்பார்வையாளர் தாளை இரண்டு முறை படித்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்போ பெரிய மிசினையே கொண்டாந்துருதோம், அண்ணாச்சி" என்றார்.